சாஃப்ட்வ்யூ: தண்ணீருக்குள் நேரத்தை அளக்கும் மார்பக ஸ்கேன்

சாஃப்ட்வ்யூ ஸ்கேனரைப் பார்க்கப் போகிறவர்கள் நேராகத் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். முதலில் குனிந்து மேசைக்கு அடியில் இருக்கும் தண்ணீரைப் பார்க்க வேண்டும். சாதாரண அல்ட்ராசவுண்ட் எதிரொலியை வாங்கிப் படம் வரைகிறது. இந்தக் கருவி எதிரொலியோடு இன்னும் இரண்டை அளக்கிறது. மார்பகத்தின் ஒரு பக்கம் நுழைந்த ஒலி மறுபக்கம் வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது, வரும் வழியில் எவ்வளவு மெலிந்தது என்பவை அவை. நேரத்தை அளக்கும் கருவிக்குத் தண்ணீரின் சூடு, அதில் மிதக்கும் குமிழி, தோலில் பூசிய பவுடர் எல்லாமே கணக்கில் சேரும். இந்தக் கருவி நன்றாக வேலை செய்வதும் சொதப்புவதும் பெரும்பாலும் அங்கேதான் தீர்மானமாகிறது.

இதைச் செய்வது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நோவை ஊரில் உள்ள டெல்ஃபினஸ் மெடிக்கல் டெக்னாலஜிஸ். டெட்ராய்ட்டின் கார்மனோஸ் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தில் நடந்த ஆராய்ச்சியிலிருந்து பிரிந்து வந்த நிறுவனம் இது. அங்கே ‘கியூர்’ என்ற பெயரில் ஓடிய முன்மாதிரியில் 20 செ.மீ. வளையத்தில், ஒலியை அனுப்பவும் வாங்கவும் செய்யும் டிரான்ஸ்டியூசர்கள் 256 இருந்தன. சாஃப்ட்வ்யூவில் 22 செ.மீ. வளையத்தில் 2,048. ஒலியை ஊடுருவ விட்டுக் குறுக்குவெட்டுப் படம் எடுக்கும் யோசனை இதைவிடப் பழையது. மேயோ கிளினிக்கில் ஜேம்ஸ் கிரீன்லீஃப் குழு 1970-களிலேயே செய்து காட்டிவிட்டது. கணக்குப் போடும் வேகம் அன்றைக்கு இல்லாததால்தான் இவ்வளவு காலம் ஆய்வகத்தில் கிடந்தது.

2021 அக்டோபரில் அமெரிக்க மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. கொடுத்த அனுமதியின் எல்லையைச் சரியாகப் படிக்க வேண்டும். அறிகுறி இல்லாத, அடர்த்தியான (கொழுப்பு குறைந்து சுரப்பித் திசு கூடிய) மார்பகம் உள்ள பெண்களுக்கு டிஜிட்டல் மேமோகிராமோடு, அதாவது மார்பக எக்ஸ்ரேயோடு, சேர்த்து எடுக்கும் துணைப் பரிசோதனை என்பதற்குத்தான் அந்த அனுமதி. மேமோகிராமுக்கு மாற்று என்று எந்த மையம் விளம்பரம் செய்தாலும் அது தவறு. ஏன் என்பது கீழே வருகிறது.

பரிசோதனைக்கு வரும் பெண் மேசையில் குப்புறப் படுக்க வேண்டும். மேசையில் உள்ள துளை வழியாக ஒரு மார்பகம் வெதுவெதுப்பான தண்ணீருக்குள் தொங்கும். ‘சீக்வர்’ என்று பெயரிட்ட ஜெல் திண்டு அடியிலிருந்து மார்பகத்தைப் பிடித்து வளையத்தின் நடுவில் நிறுத்துகிறது. வளையம் மார்புச் சுவரை ஒட்டித் தொடங்கி, அடுக்கடுக்காகக் காம்பு வரை நகர்ந்து, ஒவ்வோர் அடுக்கிலும் சுற்றிலுமிருந்து ஒலியை அனுப்பி, எதிர்ப்பக்கத்திலும் பக்கவாட்டிலும் வாங்குகிறது. ஒரு பக்கத்துக்குச் சுமார் இரண்டு நிமிடம். அழுத்தம் இல்லை, கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை. மேமோகிராம் தட்டுகளுக்கு இடையே நசுங்கிய அனுபவத்துக்குப் பயந்தே பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் இரண்டு நிமிடம் என்பது ஒலி ஓடும் நேரம் மட்டுமே. உடை மாற்றி, படுக்க வைத்து, சரியாக நடுவில் தொங்கவிட்டு, மறுபக்கம் மாற்றி, அடுத்தவருக்காகத் தொட்டியைத் தயாராக்கும் நேரத்தைச் சேர்த்து நாளொன்றுக்கு எத்தனை பேர் என்று கணக்கிட வேண்டும்.

கருவி எதை அளக்கிறது என்பதை எண்களில் வைத்துப் பார்த்தால் அதன் பலமும் பலவீனமும் தானாகத் தெரியும். உடல்சூட்டுத் தண்ணீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,520 மீட்டர் ஓடும். கொழுப்பில் 1,440 முதல் 1,450, சுரப்பித் திசுவில் 1,510-ஐ ஒட்டி, திடமான புற்றுக்கட்டியில் பெரும்பாலும் 1,540-க்கு மேல். 22 செ.மீ. வளையத்தைத் தண்ணீரில் குறுக்கே கடக்க 145 மைக்ரோவினாடி ஆகும். கொழுப்புக்கு நடுவே 1 செ.மீ. கட்டி இருந்தால் ஒலி 0.45 மைக்ரோவினாடி முன்னதாக வந்து சேரும். 3 மி.மீ. கட்டி என்றால் 0.13 மைக்ரோவினாடி. 145-இல் 0.13 என்பது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இதைத்தான் இந்தக் கருவி பிடித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

கையால் பிடித்துப் பார்க்கும் சாதாரண அல்ட்ராசவுண்ட் புரோப் 10 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓடும்போது இந்த வளையம் ஏன் சுமார் 3 மெகாஹெர்ட்ஸில் நிற்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. ஊடுருவிப் போவதற்கு வேறு வழியில்லை. மார்பகத் திசுவில் செ.மீ.க்கும் மெகாஹெர்ட்ஸுக்கும் தோராயமாக 0.7 டெசிபெல் மெலியும் என்று வைத்தால், 10 செ.மீ. தாண்டும்போது 3 மெகாஹெர்ட்ஸில் 21 டெசிபெல் போகும். மறுபக்கம் அலையின் உயரம் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக மிஞ்சும். அதுவே 12 மெகாஹெர்ட்ஸ் என்றால் 84 டெசிபெல் இழப்பு. மறுபக்கம் வந்து சேர ஒன்றுமே இருக்காது. இதற்குக் கொடுக்கும் விலை எதிரொலிப் படத்தில் தெரிகிறது. விளிம்பின் நுணுக்கத்தில் சாஃப்ட்வ்யூவின் எதிரொலிப் படம் நல்ல கை புரோப்பை எட்டாது. சுற்றிலுமிருந்து பார்த்துச் சேர்ப்பதால் புள்ளிப்புள்ளியான இரைச்சல் குறைந்து மென்மையாகத் தெரியும், அவ்வளவுதான். எதிரொலிப் படத்தை மட்டும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு இந்தக் கருவியை மட்டம் தட்டுவது அநியாயம். ஒலிவேகப் படம்தான் இதன் சொத்து.

அந்த ஒலிவேகப் படம் எந்தக் கணக்கில் வருகிறது என்பதை விற்பனையாளரிடம் கட்டாயம் கேட்க வேண்டும். ஒலி கதிர் மாதிரி கோடாகப் போகிறது என்று வைத்து நேரங்களைத் தீர்ப்பது பழைய முறை. வேகமானது, எளிதில் தடுமாறாது, ஆனால் மங்கல். அரை மி.மீ. அலைநீளம், 220 மி.மீ. பாதை, இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 10 மி.மீ. அதில் பாதியைவிடச் சிறிய உருவத்தைக் கதிர் முறை பிரித்துக் காட்டாது. அலை விலகுவதையும் வளைவதையும் சேர்த்து முழு அலைவடிவத்தையும் பொருத்திப் பார்ப்பது புதிய முறை. இது அலைநீளத்தின் அளவுக்கே இறங்கிக் காட்டும். பில்லியன் கணக்கில் பெருக்கல்கள் தேவைப்படுவதால் கிராஃபிக்ஸ் பிராசசர்கள் வந்த பிறகுதான் மருத்துவமனைக்கு ஏற்ற வேகம் கிடைத்தது.

முழு அலைவடிவ முறையிலும் ஒரு பொறி இருக்கிறது. 3 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலை முடிந்து அடுத்தது வர 0.33 மைக்ரோவினாடி. மேலே சொன்ன 1 செ.மீ. கட்டி 0.45 மைக்ரோவினாடி முந்துகிறது, அதாவது ஒரு முழு அலைக்கும் மேல். கணக்கு தவறான அலையோடு சரியாகப் பொருந்திவிட்டு, ‘முடிந்தது’ என்று நின்றுவிடும். இதைத் தவிர்க்க முதலில் கதிர் முறையில் தோராயப் படம் எடுத்து, பிறகு 1 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழிருந்து தொடங்கி அதிர்வெண்ணைப் படிப்படியாக ஏற்ற வேண்டும். டிரான்ஸ்டியூசர் அந்தக் குறைந்த அதிர்வெண்ணில் போதிய ஒலி தராவிட்டால் மென்பொருள் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் பயனில்லை. கட்டியின் நடுவே வேகம் திடீரென்று குறைந்து சுற்றிலும் வளையமாக ஏறியிருந்தால், நோயைப் பற்றி யோசிப்பதற்கு முன் இந்தப் பிழையைச் சந்தேகிக்க வேண்டும்.

தண்ணீருக்கு வருவோம். 35 டிகிரியை ஒட்டித் தண்ணீரின் ஒலிவேகம் டிகிரிக்கு ஏறக்குறைய 2 மீட்டர் மாறும். தொட்டியின் மேலும் கீழும் மூன்று டிகிரி வித்தியாசம் இருந்தால் 6 மீட்டர் பிழை. சுரப்பித் திசுவுக்கும் புற்றுக்கும் இடைவெளியே 30, 40 மீட்டர்தான் என்னும்போது இது சில்லறைப் பிழை இல்லை. அதோடு கொழுப்பு எதிர்த்திசையில் நடந்துகொள்கிறது, சூடு ஏறினால் அதில் ஒலிவேகம் குறையும். ஆகவே குளிர்ந்த தண்ணீரில் எடுத்த படத்தையும் உடல்சூட்டில் எடுத்த படத்தையும் எண்ணுக்கு எண் ஒப்பிட முடியாது. ஒரே பெண்ணை ஆறு மாதம் கழித்து மறுபடி அளக்கும்போது தொட்டியின் சூடு அன்றும் இன்றும் எவ்வளவு என்ற பதிவு இருந்தே ஆக வேண்டும்.

அடுத்தது குமிழி. குழாய்த் தண்ணீரைச் சூடாக்கினால் அதில் கரைந்த காற்று வெளியேறி வளையத்தின் முகத்திலும் தோலிலும் முத்துமுத்தாக ஒட்டிக்கொள்ளும். தண்ணீருக்கும் காற்றுக்கும் இடையே ஒலி கிட்டத்தட்ட முழுதுமாகத் திரும்பிவிடும். குண்டூசித் தலையளவு குமிழி போதும், அதற்குப் பின்னால் ஒரு கோடு முழுக்க நிழல். அந்த நிழல் பல கோணங்களில் குறுக்கே வெட்டி, படத்தில் நட்சத்திரம் போல் கதிர்களாக விரியும். தண்ணீர் காற்று நீக்கியதாக இருக்க வேண்டும், ஊற்றிய பிறகு அடங்க நேரம் கொடுக்க வேண்டும். தோலில் அன்று காலை எண்ணெய், லோஷன், பவுடர், டியோடரண்ட் எதுவும் இருக்கக்கூடாது. அவை குமிழியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மார்பகத்தின் அடிமடிப்பில் சிக்கிய காற்றைக் கையால் தடவி விடாமல் ஸ்கேனைத் தொடங்கினால், கீழ்ப்பாதி முழுக்க வீணாகலாம். திறந்த புண்ணோ ஆறாத தையலோ இருந்தால் தண்ணீரில் இறக்கவே கூடாது.

மூச்சு விடுவதால் வரும் அசைவைப் பலர் பெரிதாகக் கேட்பதில்லை. காம்புப் பக்கம் திண்டு பிடித்திருப்பதால் தொல்லை குறைவு. மார்புச் சுவரை ஒட்டிய முதல் அடுக்குகளில்தான் அசைவு தெரியும். விளிம்புகள் இரட்டைக்கோடாக வந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே. இருமல் உள்ளவரை வேறொரு நாள் வரச் சொல்வது உத்தமம்.

படங்களைப் படிக்கும் விதம். ஒலிவேகப் படத்தில் கொழுப்பு கருப்பு, சுரப்பித் திசு சாம்பல், திடக்கட்டி வெளிச்சம். மெலிவுப் படத்தில் நீர்க்கட்டி கருப்பாகவே இருக்கும், ஏனென்றால் நீர் ஒலியை விழுங்குவதில்லை. புற்று அல்லாத ஃபைப்ரோஅடினோமா கட்டி வேகத்தில் வெளிச்சமாகத் தெரிந்தாலும் மெலிவு குறைவாகவும் விளிம்பு வழவழப்பாகவும் இருக்கும். வேகமும் மெலிவும் இரண்டுமே கூடுதல், விளிம்பும் கரடுமுரடு என்றால் ஊசியால் திசு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸிப் பக்கம் யோசிக்க வேண்டும். இவற்றுக்கிடையே கலப்பும் உண்டு, ஓர் எண்ணை வெட்டுக்கோடாக வைத்து இதற்கு மேல் புற்று என்று சொல்லிவிட முடியாது. இந்தக் கருவி உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் ஒன்று உண்டு. அடர்ந்த சுரப்பிக்கு நடுவே மாட்டிக்கொண்ட கொழுப்புத் துண்டு கை புரோப்பில் கட்டி மாதிரியே ஏமாற்றும். ஒலிவேகப் படத்தில் அது கருப்பாக விழுந்துவிடும், சந்தேகம் அங்கேயே தீர்ந்தது.

திரையில் வரும் ‘ஸ்டிஃப்னஸ் ஃபியூஷன்’ வண்ணப்படம் பற்றி ஓர் எச்சரிக்கை. பெயரைப் பார்த்து, திசுவின் விறைப்பை அளக்கும் இலாஸ்டோகிராஃபி என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே எதையும் அழுத்தியோ அசைத்தோ விறைப்பை அளப்பதில்லை. வேகத்தையும் மெலிவையும் சேர்த்து எதிரொலிப் படத்தின் மேல் வண்ணமாகத் தெளித்திருக்கிறார்கள். கண்ணை இழுக்கும் என்பதால் வேகமாகத் தேடப் பயன்படும், முடிவு சொல்ல அடிப்படைப் படங்களுக்குத் திரும்ப வேண்டும். வேலைச்சுமையையும் பாருங்கள். 10 செ.மீ. ஆழமுள்ள மார்பகத்தை 2 மி.மீ. அடுக்குகளாக வைத்தால் 50 அடுக்கு. நாலு வகைப் படம், இரண்டு பக்கம் என்றால் 400 படங்கள். கொரோனல் வெட்டாக, அதாவது மார்புச் சுவருக்கு இணையான அடுக்காக, வருவதால் கடிகார முள் கணக்கில் இடம் சொல்வது சுலபம் என்பது இதில் கிடைக்கும் நிம்மதி.

இனி இது பார்க்காதவை. மேமோகிராமில் உப்புத் தூவினாற்போல் தெரியும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்களை இதை நம்பித் தேட முடியாது. ஆரம்பநிலைப் புற்று பல நேரம் அந்தத் துகள்களாக மட்டுமே வெளிப்படுவதால்தான் மேமோகிராமை விட முடியாது என்பது. அக்குளும் அங்குள்ள நெறிக்கட்டிகளும் வளையத்துக்குள் இறங்காது. மார்புச் சுவரை ஒட்டிய பகுதியில் எலும்பும் நுரையீரல் காற்றும் ஒலியைத் தடுக்கும், வளையமும் அதற்கு மேல் ஏற முடியாது. மிகச் சிறிய மார்பகம் என்றால் தொங்கும் பகுதியே குறைவு. சிலிக்கோன் இம்பிளான்ட் இருந்தால் நிலைமை மோசம். சிலிக்கோன் ஜெல்லில் ஒலிவேகம் 1,000 மீட்டரை ஒட்டி இருப்பதால் ஒலி கண்டபடி வளைந்து, சுற்றியுள்ள திசுவின் கணக்கையும் குலைத்துவிடும்.

வளையம் ஒரு தளத்தில் மட்டும் பார்க்கிறது என்பதும் குறையே. மேலேயோ கீழேயோ சிதறிப்போன ஒலி எந்த டிரான்ஸ்டியூசரிலும் விழாது. காம்பை நெருங்கும்போது மார்பகத்தின் பரப்பு சரிவாக இருப்பதால் அங்கே இழப்பு கூடும், படமும் தடிமனாகும். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ தொழில்நுட்ப நிறுவனம் இதற்கென்றே கிண்ண வடிவத்தில் டிரான்ஸ்டியூசர்களைப் பதித்து முப்பரிமாணத்தில் அளக்கும் கருவியைக் கட்டியது. அதன் இரண்டாம் தலைமுறையில் 628 ஒலி அனுப்பிகளும் 1,413 வாங்கிகளும். கொள்கையில் அதுவே சரியான வடிவம். ஆனால் இவ்வளவு பெரிய கிண்ணத்துக்கு அந்த எண்ணிக்கை குறைவு, கணக்குச் சுமையோ பல மடங்கு. அதனால் அது ஆய்வுக் கருவியாகவே பேசப்படுகிறது.

கடைக்காரர்கள் சொல்லாமல் தாண்டும் கட்டம், கட்டி கண்ணில் பட்ட பிறகு வருவது. வளையத்துக்குள் ஊசி நுழைக்க இடமில்லை. பயாப்ஸிக்குக் கை புரோப்பில் அதே கட்டியை மறுபடி கண்டுபிடிக்க வேண்டும். குப்புறப் படுத்தபோது நீண்டு தொங்கிய மார்பகம் மல்லாந்ததும் பரந்து தட்டையாகும். காம்பிலிருந்து தூரமும் ஆழமும் மாறிவிடும். கடிகாரத் திசை மட்டும் ஓரளவு நிலைக்கும். எனவே அறிக்கையில் திசையோடு நிறுத்தாமல், கட்டி கொழுப்பும் சுரப்பியும் சேரும் எல்லையில் இருக்கிறதா, பக்கத்தில் எந்த நீர்க்கட்டி அடையாளமாக இருக்கிறது என்பதையும் எழுத வேண்டும். கை புரோப்பில் தேர்ந்த ஒருவர் இல்லாத மையம் இந்தக் கருவியை வாங்கினால், சந்தேகங்களை உற்பத்தி செய்து நோயாளியைக் கலங்கடிப்பதோடு சரி.

போட்டியாளர்களில் ஜி.இ.யின் இன்வீனியா ஏபஸ் வேறு சாதி. அந்த வகைக் கருவி அடர்ந்த மார்பகத்துக்கான அனுமதியை 2012-லேயே பெற்றது. மல்லாந்து படுத்தவரின் மேல் சுமார் 15 செ.மீ. அகலப் புரோப் அழுத்தி நகரும், எதிரொலி மட்டுமே. விளிம்பு நுணுக்கம் கூடுதல், பயாப்ஸிக்கும் அதே படுக்கை நிலை என்பதால் மறுபடி தேடும் தொல்லை குறைவு. திசுவின் வேகம் என்ற தகவல் அதில் கிடையாது. கலிஃபோர்னியாவின் க்யூ.டி. ஸ்கேனர், சாஃப்ட்வ்யூவுக்கு நெருங்கிய உறவு. குப்புறப் படுக்கை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதே. முழு வளையத்துக்குப் பதிலாக ஒரு பக்கம் அனுப்பியும் எதிரே வாங்கியும் சுற்றி வருகின்றன. ஊடுருவும் ஒலிக்கு 1 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய குறைந்த அதிர்வெண்களை வைத்திருப்பதால் மேலே சொன்ன அலைப் பொறியில் எளிதில் விழாது. ஒலிவேகப் படத்தின் தரத்தில் அது முன்னால் நிற்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அவை சுற்றி வர நேரம் பிடிக்கும், நேரம் கூடினால் அசைவும் கூடும். அதற்கு 2017-இல் கிடைத்த அனுமதி மார்பகப் படமெடுப்புக்கு மட்டுமே. இந்த இரண்டு தண்ணீர்த் தொட்டிக் கருவிகளில், அடர்ந்த மார்பகத்துக்கான ஸ்க்ரீனிங் அனுமதி என்ற வகையில் சாஃப்ட்வ்யூதான் கையில் சீட்டு வைத்திருக்கிறது.

அமெரிக்காவில் 2024 செப்டம்பர் 10 முதல் ஒவ்வொரு மேமோகிராம் மையமும் மார்பக அடர்த்தியைப் பெண்ணுக்கே எழுத்தில் சொல்ல வேண்டும் என்ற விதி வந்துவிட்டது. ‘அடர்த்தி என்கிறார்களே, அடுத்து என்ன?’ என்ற கேள்விக்கு இந்தக் கருவி ஒரு பதில். எம்.ஆர்.ஐ. இதைவிடக் கூர்மையாகப் பிடிக்கும், மறுப்பதற்கில்லை. ஊசியும் செலவும் நேரமும் அங்கே தடை. இந்தியாவில் மார்பகப் புற்று மேலைநாடுகளைவிடக் குறைந்த வயதிலேயே கண்டுபிடிக்கப்படுகிறது. இளவயது மார்பகம் அடர்த்தி கூடியது, மேமோகிராம் அதில் தடுமாறும் என்பதால் இந்த வகைக் கருவியை நம் ஊர் ரேடியாலஜிஸ்டுகள் கவனிப்பதில் நியாயம் உண்டு.

நாம் அதிகம் மெச்சுவது, அதிகம் விளம்பரமாகாத ஒரு பயனை. மார்பகம் முழுவதன் சராசரி ஒலிவேகம் அடர்த்திக்கு நேரான ஓர் எண். மேமோகிராமில் கண்ணால் பார்த்து நாலு வகையில் ஒன்றில் போடுவது போல ஆளுக்கு ஆள் மாறாது. கதிர்வீச்சு இல்லாததால் எத்தனை முறை வேண்டுமானாலும் அளக்கலாம். மார்பகப் புற்றுக்கான டமாக்ஸிஃபென் மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு மாதங்கள் போகப்போக இந்த எண் இறங்குவதை டெட்ராய்ட் குழுவினர் காட்டியிருக்கிறார்கள். இறக்கம் விநாடிக்குச் சில மீட்டர்தான். தொட்டியின் சூடு ஒரு டிகிரி பிசகினால் அதில் கணிசமான பங்கை விழுங்கிவிடும்.

செய்முறை விளக்கத்துக்குப் போகிறவர்கள் இதைக் கேட்டுப் பாருங்கள்: வெறும் தண்ணீரில் வளையத்தை ஓட்டி ஒலிவேகப் படத்தைக் காட்டச் சொல்லுங்கள். நடுவிலிருந்து ஓரம் வரை ஒரே எண் வர வேண்டும், அது வெப்பமானி சொல்லும் சூட்டுக்கான எண்ணோடு பொருந்த வேண்டும். வளையமாகவோ கோடாகவோ ஏதேனும் தெரிந்தால் செத்துப்போன டிரான்ஸ்டியூசர், இடம் பிசகிய டிரான்ஸ்டியூசர், குமிழி, இந்த மூன்றில் ஒன்று. தண்ணீரை வடித்து, வளையத்தைத் துடைத்து, மறுபடி நிரப்பி ஓட்டச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் அதே இடத்தில் அதே கோடு வந்தால் குமிழியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.